அஞ்சலை அக்காவின் தேங்காய்க் கடை

செவ்வாய்க்கிழமை காலை கமலா அக்காவின் குரல்செய்தி வந்தது. "தம்பி, அஞ்சலை அக்கா தூக்கத்துலயே போயிட்டாங்க. தேங்காய் லோரி வந்து நிக்குது. டிரைவருக்கு என்ன சொல்றது?"

மலேசியாவில், கிள்ளான் பாசார் என்னும் சந்தைக்குப் பின்னால் பதினெட்டு ஆண்டுகள் தேங்காய்ப்பால் பிழிந்து விற்றவர் அஞ்சலை அக்கா. வயது அறுபத்தொன்று. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: அவருடைய கடை ஒரு தார்ப்பாயும் ஒரு துருவும் மெஷினும்தான். அங்கே ஏழு பேர் வேலை செய்தோம். மட்டை உரிக்க இருவர், உடைக்க ஒருவர், பழுப்புத் தோலைச் சீவ மூன்று பெண்கள், பாலைப் பையில் கட்ட ஒருவர். சிரட்டை, காஜாங் ஊரில் இறைச்சி சுடும் சத்தே கடைகளுக்குக் கரியாகப் போகும்.

எங்களை வேறு யாரும் வேலைக்கு எடுத்திருக்க மாட்டார்கள். சிறையிலிருந்து வந்தவர், கால் ஊனமுற்றவர், ஐம்பது வயதில் கணவரை இழந்த கமலா அக்கா, ஒப்பந்தம் முடிந்து, பக்கத்து ஊரான மேருவில் ஒரு தொழிற்சாலை வெளியே அனுப்பிய நான். முதல் நாள் அஞ்சலை அக்காவிடம் என் படிப்பைச் சொன்னேன். "டிப்ளோமாவா? நல்லது லா. தேங்காய் கேட்டா சொல்லு. முதல்ல சட்டையைக் கழட்டு, கறை போகாது" என்றார்.

அவரைத் தெய்வமாக்க எனக்கு விருப்பமில்லை. எங்களுக்குச் சேமநிதி கிடையாது, காப்பீடு கிடையாது. கமலா அக்கா விரலை வெட்டிக்கொண்டபோது, அஞ்சலை அக்காதான் கிளினிக்குக்கு ஓடினார். அவர் ஓடாதிருந்தால் கேட்க நாதி இல்லை.

சென்ற ஆண்டு ஒரு நகராண்மைக் கழக அதிகாரி வந்தார். புதிய கட்டடத்தில் இடமும் உரிமமும் தருவதாகச் சொன்னார். ஆனால் உதவிக்கு ஒருவரை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

"பாஸ், அங்க தேங்காய் உக்காரும். என் ஆளுங்க எங்க உக்காருவாங்க?"

"மெஷின் வாங்குங்க, ஆன்டி. ஒரு ஆள் போதும்."

"உங்க ஆபீஸ்ல மெஷின் வாங்கினா நீங்க எங்க போவீங்க?"

அவர் போனதும் நான் பொறுக்காமல் கேட்டேன். "லைசன்ஸ் இல்லாம எத்தனை நாளுக்கு, அக்கா? பிடிச்சா எல்லாரும் காலி."

"சரி. போக வேண்டிய ஆறு பேரு யாரு? நீயே சொல்லு. இப்பவே சொல்லு, கேட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க."

சீவிக்கொண்டிருந்தவர்கள் தலை நிமிரவில்லை. நான் அடுத்த தேங்காயைக் கையில் எடுத்தேன். அக்கா அந்த உரிமத்தை வாங்கவேயில்லை.

வேலைவாய்ப்பை உருவாக்குவோம் என்று மேடையில் முழங்குபவர்களுக்கு இந்தத் தார்ப்பாய் ஓர் அசிங்கம். அவர்கள் கைவிட்ட ஏழு பேருக்கு அதனடியில்தான் சோறு கிடைத்தது.

இறப்பைப் பதிவு செய்யும்போது, என்ன தொழில் என்று கேட்டார்கள். "வீட்டுல இருக்காங்க" என்றார் அக்காவின் மகன். பள்ளிக்காலம் முதல் எல்லாப் படிவத்திலும் தாயின் தொழிலை அப்படியே எழுதிப் பழகியவர்.

"மாத்திச் சொல்லுப்பா" என்றார் கமலா அக்கா.

"லைசன்ஸ் கேட்பாங்க, அக்கா."

சான்றிதழில் முத்திரை விழுந்துவிட்டது. இங்கே திருத்துகிறேன்: அஞ்சலை, தேங்காய் வியாபாரி, ஏழு பேருக்கு முதலாளி.

காரியம் முடிந்து நேற்றுக் கடையைத் திறந்தோம். அதே அதிகாரி வந்து, இனி இங்கே யார் பொறுப்பு என்று கேட்டார். "நாங்கதான், பாஸ்" என்றார் கமலா அக்கா, கத்தியைக் கீழே வைக்காமலே. அதிகாரி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். யாரும் இடத்தை விட்டு எழவில்லை.

போய் வாருங்கள், அக்கா.