மாடி வீட்டு ஒத்தி

ஒத்தி என்பது எங்கள் பக்கத்தில் மரியாதையான சொல். கடன் என்றால் முகம் சுளிக்கிறவர்கள்கூட ஒத்தி என்றால் தலையாட்டிவிடுவார்கள். ஒரு பெரிய தொகையை மொத்தமாக வாங்கிக்கொண்டு வீட்டை ஒருவருக்கு விடுகிறோம். அவர் வாடகை தர வேண்டாம், நாம் வட்டி தர வேண்டாம். மூன்று வருடம் கழித்து வாங்கிய தொகையை அப்படியே திருப்பிக் கொடுத்தால் அவர் சட்டிபானையைக் கட்டிக்கொண்டு போய்விடுவார். யாருக்கும் நஷ்டமில்லை என்பார்கள். செலவழிந்துபோன தொகையை மூன்றாவது வருடம் எங்கிருந்து எடுப்பது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. சொல்லியிருந்தாலும் அப்போது என் காதில் ஏறியிருக்காது.

மாப்பிள்ளையூரணிக்குப் போகும் வழியில் எங்கள் வீடு. ஆற்றுப்பாசனத்தில் என் பங்குக்கு வந்த வயலை விற்று மனை வாங்கினோம். கட்டுவதற்கு வங்கிக் கடன். நான் ஓய்வு பெறும் வருடத்தில் கடைசித் தவணை முடிகிற மாதிரி கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள். அப்போது இரண்டு சம்பளம் வந்தது. என் கணவர் துறைமுகத்தில் சரக்கு விடுவிக்கும் ஏஜென்சி ஒன்றில் கணக்குப் பார்த்தார். நான் எய்டட் பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் டீச்சர். மகளைக் கல்யாணம் செய்து கோயம்புத்தூருக்கு அனுப்பியதில் ஆசிரியர் சங்கத்தில் கொஞ்சம் கடன், நகை அடகில் கொஞ்சம். எல்லாம் சமாளிக்கிற அளவில்தான் இருந்தது. பிறகு ஒருநாள் அந்த ஏஜென்சியைப் பூட்டிவிட்டார்கள்.

அதன்பின் போன் அடித்தால் நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வோம். வங்கியிலிருந்து பேசியவர்கள் முதலில் மேடம் என்றார்கள். பிறகு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். பிறகு அதுவும் போய், வெறும் லோன் நம்பர். ஒரு சனிக்கிழமை யாரோ ஒருவர் பைக்கில் வந்து, இறங்காமலே எங்கள் வாசலை மொபைலில் படம் எடுத்துக்கொண்டு போனார். அன்று முழுவதும் நான் வாசல் பக்கமே போகவில்லை.

"மாடிய ஒத்திக்கு விட்டுருவோமாளா" என்று என் கணவர்தான் ஆரம்பித்தார்.

"மூணு வருசத்துல திருப்பிக் குடுக்கணும்லா?"

"அதுக்குள்ள எனக்கு ஒரு வேல கெடைக்காமலா போவும்?"

அவருக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. அந்த வயதில் வேலை எங்கே கிடைக்கும் என்று கேட்க வாய்வரை வந்தது. ஏற்கெனவே நொந்து கிடக்கிற மனிதரை என்ன கேட்பது என்று விட்டுவிட்டேன்.

வந்தவர் உப்பு வியாபாரி. உப்பளத்திலிருந்து கல்லுப்பு வாங்கிப் பாக்கெட் போட்டுக் கேரளாவுக்கு அனுப்புகிறவர். என்னைவிட இளையவர்தான், ஆனால் கடை வைத்திருந்தால் எங்கள் ஊரில் எல்லோரும் அண்ணாச்சிதான். வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு, அடக்கமான பேச்சு. மாடியைச் சுற்றிப் பார்த்துத் தலையாட்டினார். இறங்கி வந்தபின், "கீழயும் ஒரு பார்வ பாத்துக்கிடட்டுமா டீச்சர்? சும்மாதான்" என்றார். காட்டினேன். மாடியில் எந்தச் சுவரையும் தொடாத மனிதர் கீழே ஹால் சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். அடுக்களை ஜன்னலைத் திறந்து மூடினார். பின்னால் எவ்வளவு இடம் கிடக்கிறது என்று விசாரித்தார். மாடிக்கு வருகிறவருக்குக் கீழே எதற்கு இவ்வளவு ஆராய்ச்சி என்று தோன்றியது. இருந்தாலும் காபி போட்டுக் கொடுத்தேன்.

முத்து வாங்க வந்தவன், மிளகு வாங்க வந்தவன், சரக்கு வைக்கக் கொஞ்சம் இடம் கேட்டவன் எல்லாம் எப்படிக் கோட்டை கட்டினான் என்று இதே கடற்கரையில் முப்பது வருடம் பாடம் நடத்தியவள் நான். "ஏன் டீச்சர் அவங்கள உள்ள விட்டாங்க?" என்று பிள்ளைகள் கேட்கும். "அவங்களுக்கு அப்போ தெரியாதுல்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவேன். படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோவில் என்பது என் போன்றவர்களுக்காகச் சொன்னதுதான்.

அவர் கொடுத்த தொகையில் வங்கிக் கடன் முழுதாக அடைந்தது. வீட்டுப் பத்திரம் கைக்கு வந்தது. அன்று கேசரி கிண்டி மாடிக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினேன். போன் அடிக்காத வீட்டில் கொஞ்ச நாள் நன்றாகத் தூங்கினோம். என் கணவர் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பில் போடப் போனார். நாள் முழுக்க நிற்க வேண்டும். கால் வீங்கி, பிறகு நெஞ்சு வலித்து, அதுவும் நின்றது.

ஒத்தி முடிகிற மாதம் நானே மாடிக்குப் போனேன். "அண்ணாச்சி, இன்னுங் கொஞ்சம் டைம் வேணும்" என்றேன்.

அவர் சிரித்தார். "நான் கேட்டனா டீச்சர்? நீங்க எங்க போவப்போறிய, நான் எங்க போவப்போறேன்?"

ஆறுதல் சொன்ன மாதிரிதான் இருந்தது. பாதிப் படி இறங்கியபோது எனக்குப் பயம் வந்தது. கத்துகிறவனுக்குப் பணம் வேண்டும், கொடுத்தால் போய்விடுவான். இவர் கத்தவே இல்லையே, இவருக்கு என்ன வேண்டும் என்று யோசித்தேன்.

அடுத்த ஐப்பசியில் என் கணவருக்கு பைபாஸ் செய்ய வேண்டும் என்றார்கள். திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் நான் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும்போது, கேட்காமலே அண்ணாச்சி ஒரு மஞ்சள் பையோடு வந்து நின்றார். கட்டவேண்டியதை அவரே கட்டினார். நான் கை எடுத்துக் கும்பிட்டேன். அந்த நேரத்தில் அது பொய்யான கும்பிடு இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகு அண்ணாச்சி மெதுவாகச் சொன்னார். "கீழ ஹால் சும்மாதான கெடக்கு டீச்சர். நான் மூட்டைய அடுக்கிக்கிடுதேன். இந்தப் பணத்தையும் ஒத்தியோட சேத்துக்கிடுவோம். பத்திரமும் என்கிட்டயே இருக்கட்டும், இத்தன நாளு பேங்க்ல கெடந்ததுதான?"

முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு என்று பத்திரத்தையும் எடுத்துக் கொடுத்துவிட்டேன். மகளிடம் சொல்லவில்லை. அவளுக்கு ஒரு வீட்டுக் கடன் அங்கே ஓடிக்கொண்டிருந்தது.

ஹாலில் உப்பு மூட்டைகளை வந்து அடுக்கினார்கள். எங்கள் டிவியும் சோபாவும் படுக்கையறைக்குப் போயின. முன்கதவுச் சாவி அண்ணாச்சியின் கொத்தில் சேர்ந்துகொண்டது. நாங்கள் பக்கத்துச் சந்து வழியாக அடுக்களைக் கதவில் நுழைந்து வெளியேறப் பழகினோம். மழைக்காலம் வந்தால் உப்பு நீர்விடும். மூட்டைக்கு அடியிலிருந்து கசிந்து கதவிடுக்கு வழியாக எங்கள் அறைக்கு வரும். நான் துணி போட்டுத் துடைப்பேன், காலையில் மறுபடி நிற்கும். ஜன்னல் கம்பி துருப்பிடித்தது. சுவரில் சுண்ணாம்பு பொரிந்து உதிர்ந்தது. நெஞ்சில் தையலோடு படுத்திருந்த மனிதர் அந்த ஈரத்தில் இருமிக்கொண்டே இருப்பார். அந்த மூட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்துத் தெருவில் போட வேண்டும் என்று எனக்கு வெறியே வரும்.

எனக்கு ஒரே ஒரு பிடிதான் இருந்தது. ரிடையர்மெண்ட் பணம். சங்கக் கடனைப் பிடித்தது போக வருகிற பணிக்கொடையும் மற்றதும் சேர்ந்தால், ஒத்தித் தொகைக்குச் சரியாக வரும். ஒரு ரூபாய் மிஞ்சாது, ஆனால் வீடு மீளும். அவர் கையில் எண்ணிக் கொடுத்து, பத்திரத்தை வாங்கி, ஹாலைக் கழுவிவிட வேண்டும். பென்ஷனில் கஞ்சி குடித்தாலும் சொந்தச் சுவருக்குள் குடிக்கலாம். வகுப்பில் நிற்கும்போதுகூட இதைத்தான் நினைத்துக்கொண்டிருப்பேன்.

ஓய்வு நெருங்க நெருங்க அண்ணாச்சி சுறுசுறுப்பானார். ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வெளிச்சுவர் முழுக்கப் பச்சைப் பெயிண்ட். என்னிடம் கேட்கவில்லை. "என் செலவுதான் டீச்சர்" என்றார். சிலிண்டர் போடுகிறவர் போனில் "உப்பு அண்ணாச்சி வீடுதான?" என்று கேட்டார். ஆமாம் என்றால்தான் சிலிண்டர் வரும், ஆமாம் என்றேன். இன்னொரு நாள் நான் ரசம் தாளித்துக்கொண்டிருக்கும்போது ஒரு கொத்தனார் டேப்போடு அடுக்களைக்குள் வந்தார், பின்னாலேயே அண்ணாச்சி. என்னைச் சுற்றிக்கொண்டு அளந்தார். "இந்தச் செவர எடுத்துட்டா நல்ல நீளங் கெடைக்கும் அண்ணாச்சி" என்றார்.

நான் அடுப்பை அணைத்தேன். "எந்தச் செவர எடுக்கப் போறிய?"

"சும்மா ஒரு கணக்குக்கு டீச்சர்" என்றார் அண்ணாச்சி.

"கணக்கெல்லாம் வேண்டாம். என் பணம் வந்ததும் ஒத்திய மீட்டிருதேன்."

"மீட்டுங்க. யாரு வேண்டாம்னா?" கொத்தனாரை வெளியே அனுப்பிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஆனா கையில உள்ளத எல்லாம் எனக்குத் தந்துட்டா, நாளைக்கு அண்ணனுக்கு மறுபடி ஒண்ணுன்னா என்ன செய்விய? அதுக்குத்தான் சொல்லுதேன். நான் இன்னுங் கொஞ்சம் போட்டுத் தாரேன், வீட்ட எழுதிக் குடுத்துருங்க. சாயர்புரத்துல சின்னதா ஒரு வீடு இருக்கு, வாடக கம்மி. நான் பேசித் தாரேன்."

அவர் போனபின் என் கணவர் கட்டிலில் உட்கார்ந்தபடியே சொன்னார். "அவரு சொல்லுததுலயும் ஞாயம் இருக்குளா."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "என் வயல வித்துக் கட்டுன வீடு இது. நியாயம் பேசுதியளா?" என்றேன். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். சண்டை போடக்கூட அவரிடம் தெம்பில்லை. அதைப் பார்த்த பிறகு எனக்கு அழுகை வந்தது.

எங்கள் பள்ளிக்கூடங்களில் ஒரு வழக்கம் உண்டு. ஓய்வு பெறுகிறவரை மாலை போட்டு, காரில் உட்காரவைத்து, எல்லா ஆசிரியர்களும் கூடவே போய் அவர் வீட்டில் கொண்டு விட்டுவிட்டு வருவார்கள். வீட்டார் வந்தவர்களை வரவேற்று இனிப்பும் காபியும் கொடுக்க வேண்டும். நானே எத்தனையோ பேரைக் கொண்டு விட்டிருக்கிறேன். என் வீட்டு விஷயம் எதையும் நான் பள்ளிக்கூடத்தில் யாரிடமும் பேசியதில்லை. என் முறை வந்தபோது பள்ளிக்கூடத்தோடு முடித்துக்கொள்ளலாம் என்று சொல்லிப் பார்த்தேன். தலைமையாசிரியர் விடவில்லை. "அது எப்படி டீச்சர், வீட்ல கொண்டு விடாம? நல்லாருக்காது."

இத்தனை பேரை அடுக்களை வழியாகவா கூட்டிக்கொண்டு போவது? வேறு வழியில்லாமல் அண்ணாச்சியிடம் ஒருநாளைக்கு ஹாலைக் காலி செய்து தரமுடியுமா என்று கேட்டேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "இது என்ன கேள்வி டீச்சர்? எல்லாம் நான் பாத்துக்கிடுதேன், நீங்க யோசிக்காதிய."

சொன்னபடி பார்த்துக்கொண்டார். நாங்கள் போய் இறங்கியபோது வாசலில் பெரிய கோலம். அவர் மனைவி பட்டுச்சேலையில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றார். ஹாலில் ஒரு மூட்டை இல்லை. கழுவித் துடைத்து நாற்காலி போட்டு, தட்டுத் தட்டாக மக்ரூன் அடுக்கியிருந்தது. அண்ணாச்சி புது வேட்டியில் கேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு, "வாங்க, வாங்க, உள்ள வாங்க" என்று ஒவ்வொருவரையும் கைகூப்பி அழைத்தார். என் கணவர் ஓரத்து நாற்காலி ஒன்றில், கல்யாண வீட்டுக்கு வந்த தூரத்துச் சொந்தம் மாதிரி உட்கார்ந்திருந்தார். நானும் மாலையோடு உள்ளே போனேன். என்னையும் அண்ணாச்சி "வாங்க டீச்சர்" என்றார்.

காபி முடிந்ததும் தலைமையாசிரியர் எழுந்து இரண்டு வார்த்தை பேசினார். என்னைப் பற்றிப் புகழ்ந்துவிட்டு அண்ணாச்சியின் பக்கம் திரும்பினார். "இந்தக் காலத்துல இப்படி ஒரு ஹவுஸ் ஓனர் கெடைக்க டீச்சர் குடுத்து வச்சிருக்கணும். என்ன டீச்சர்?"

அண்ணாச்சி மறுக்கவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். இல்லை சார், வீடு என்னுடையது என்று சொன்னால், அப்படியானால் இவர் யார், நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று கேள்வி வரும். கடைசி நாளில், மாலையும் கழுத்துமாக நின்றுகொண்டு, என் கடனை எல்லாம் மக்ரூன் தட்டுக்கு நடுவில் கடைவிரிக்க வேண்டும். முப்பது வருடம் தலைநிமிர்ந்து நடந்த பள்ளிக்கூடம்.

"ஆமா சார்" என்றேன்.

என் கணவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தரையைப் பார்த்தார். எல்லோரும் கைதட்டினார்கள்.

வண்டிகள் போனபின் ஹாலில் அண்ணாச்சியும் நானும்தான் நின்றோம். அவர் நாற்காலிகளை மடக்கிச் சுவரில் சாய்த்துக்கொண்டே கேட்டார். "பணம் எப்ப வருதாம் டீச்சர்?"

"ஆடிட் முடியணும். மூணு மாசம் ஆவும்னு சொல்லுதாவ."

"வரட்டும், வரட்டும். அத நீங்களே வச்சுக்கிடுங்க. நீங்களே அத்தன பேர் முன்னால வாயால சொல்லிட்டியள்லா. இனி எழுத்துங்கிறது சும்மா ஒரு சடங்குதான?"

பணம் வந்த மறுநாளே நீ இந்த வாசலைத் தாண்ட வேண்டும் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். என் இரண்டு கையிலும் பள்ளிக்கூடத்தில் பரிசாகக் கொடுத்த பெரிய சுவர்க் கடிகாரம் இருந்தது. கனத்தது. வாயிலிருந்து வந்தது வேறு.

"இத எங்கன மாட்டட்டும் அண்ணாச்சி?"

அவர் ஹாலின் நாலு சுவரையும் நிதானமாகப் பார்த்தார்.

"இங்கன வேண்டாம் டீச்சர். நாளைக்குச் செவர இடிக்க ஆளு வாரான். நீங்க போற வீட்ல மாட்டிக்கிடலாம்."

நான் கடிகாரத்தை அதன் பெட்டிக்குள்ளேயே திரும்ப வைத்தேன்.