நெடுந்தீவில் கடைசிவரை ஓடிய பொம்மைப் படம்

1939ஆம் ஆண்டு பங்குனி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஊர்காவற்றுறையில் பாய்மரம் கட்டிய வத்தைப் படகில் ஏறினேன். நெடுந்தீவுக்கு ஏறத்தாழப் பதினைந்து மைல். ஆளுக்கு நாற்பது சதம். என் மரப்பெட்டிக்கு மட்டும் வத்தை ஓட்டும் தண்டையல் தனியாக ஒரு ரூபாய் கேட்டார்.

"உதுக்குள்ளை என்ன தம்பி, பிணக்கனம் கனக்குது?"

"பொம்மைப் படம் அண்ணை. பிள்ளையளுக்குக் காட்டப் போறன்."

"பொம்மைக்கோ இவ்வளவு பாரம்?" என்று சிரித்துக்கொண்டே பெட்டியைப் பாய்மரத்தடியில் வைத்துக் கட்டினார். உள்ளே கையால் சுற்றும் படயந்திரமும், அதன் விளக்குக்கு மோட்டார்க் கார் பற்றரியும், ஒரேயொரு படச்சுருளும் இருந்தன.

ஐரோப்பாவில் சண்டை வருமா வராதா என்று வத்தையில் இருவர் வாதாடிக்கொண்டு வந்தார்கள். எனக்கு என் சண்டையே போதுமாயிருந்தது. அதைப் பற்றி வாசகர்களுக்குச் சொல்லவேண்டும்.

இது பேச்சில்லாத படம். மரத்தாலும் கந்தையாலும் எலும்பாலும் பொம்மைகள் செய்து, மயிரிழை நகர்த்தி ஒரு படம், மறுபடி மயிரிழை நகர்த்தி இன்னொரு படம் என்று பொறுமையாக எடுத்திருக்கிறார்கள். ஓட்டினால் பொம்மைகள் நடக்கும், அழும். தாயைக் கடலுக்குப் பறிகொடுத்த ஒரு பையன் எலும்புக் குதிரையில் ஏறிக் கடலடிக்குப் போகிறான். அங்கே நண்டுக் கையுள்ள சாவரசனிடம் தாயைத் திருப்பிக் கேட்கிறான். யாழ்ப்பாணத்தில் மூன்று இடங்களில் காட்டினேன். மூன்றிலும் பாதியில் நிறுத்தினார்கள். பிள்ளைகள் பயந்து காய்ச்சலில் விழும் என்றார் ஒருவர். தன்பாட்டில் அசையும் பொம்மை சூனியம் என்றார் இன்னொருவர். அபிப்பிராயம் சொன்ன பெரியவர்களில் ஒருவராவது படத்தின் முடிவைப் பார்த்ததில்லை. எந்தப் பிள்ளையையும் பார்க்க விடவில்லை. ஒருமுறையாவது பிள்ளைகள் முன்னே அதைக் கடைசிவரை ஓட்டிவிடவேண்டும் என்ற பிடிவாதத்தோடுதான் கடல் தாண்டினேன்.

பத்தரை மணிக்குக் கரை சேர்ந்தோம். நெடுந்தீவில் வேலிக்குப் பதில் கடற்கல்லை அடுக்கி மதில் கட்டியிருக்கிறார்கள். மதிலுக்கு அப்பால் குதிரைகள் ஆளில்லாமல் மேய்கின்றன. பள்ளிக்கூடத்துத் தலைமை வாத்தியார் கண்டிப்பான மனிதர். உட்காரக் கதிரை தந்து, பனங்கட்டியோடு தேத்தண்ணியும் தந்தார். பொம்மைப் படம் என்றதும் உடனே சம்மதித்தார். என்ன பொம்மை என்று அவர் கேட்கவில்லை.

சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணி. யன்னல்களுக்குச் சாக்குக் கட்டிப் பள்ளிக்கூட மண்டபத்தை இருட்டாக்கினோம். பிள்ளைகள் முன்னால் பாயில் இருந்தார்கள், தாய்மார் பின்னால், ஆண்கள் வாசலோரம். புழுக்கம் உயிரை வாங்கியது. எலும்புக் குதிரை எழுந்ததும் ஒரு வீறிடல். சாவரசன் தலையாட்டி மறுத்தான். தாய்ப் பொம்மை கடலடி மணலில் கிடந்தது.

சட்டென்று வெளிச்சம் மண்டபத்தை நிறைத்தது, திரையில் படம் அழிந்துபோயிற்று. வாத்தியார் யன்னல் சாக்கை இழுத்துக் கழற்றியிருந்தார்.

"காணும், நிப்பாட்டும்! உது பிள்ளையளுக்குக் கூடாத படம். தாயில்லாப் பிள்ளை முன்னுக்கு இருக்குது, உமக்குக் கண் தெரியேல்லையோ?"

எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. "முடிவு பாக்காமல் சொல்லாதேங்கோ மாஸ்டர்!"

"உம்மடை படத்துக்கு முடிவு இருக்கட்டும். யன்னல் என்ரை பள்ளிக்கூடத்து யன்னல்."

அப்போது முன்பாயில் ஒரு சிறுமி எழுந்தாள். எட்டு வயதிருக்கும், பெயர் பாக்கியம். அவள் அழவில்லை. வெறும் திரையைக் காட்டி, "இப்ப அவவை மணலிலையிருந்து ஆர் எடுக்கிறது?" என்று உரத்துக் கேட்டாள்.

அவளை வளர்க்கும் சின்னம்மா திரேசம்மா பின்னாலிருந்து எழுந்து வந்தார்.

"வாத்தியார், இவளின்ரை தாய் போன ஆடியிலை யாழ்ப்பாணப் பட்டினத்து ஆசுப்பத்திரியிலை செத்தவ. சோழகக் காத்திலை கடல் கொந்தளிச்சு, பிரேதத்தைக் கொண்டுவர விடேல்லை. அங்கையே தாட்டுப்போட்டினம். நாங்கள் ஒருத்தரும் முகம் பாக்கேல்லை. செத்தவளைப் போட்டிட்டு எழும்பிப் போற பழக்கம் எங்களுக்கு இல்லை. இந்தப் பொம்மையையெண்டாலும் எடுத்து முடியட்டும். சாக்கைக் கட்டுங்கோ."

வாத்தியார் கழற்றிய வேகத்தில் கயிறு அறுந்திருந்தது. இரண்டு பெண்கள் சாக்கைக் கையால் தூக்கிப் பிடித்து யன்னலைப் பார்த்தபடி நின்றார்கள். படம் முடியும்வரை அவர்கள் திரும்பவே இல்லை.

"நீர் சுத்தும் தம்பி," என்றார் திரேசம்மா.

சுற்றினேன். உயிரைத் தராவிட்டால் உடலையாவது தா என்று பையன் சாவரசன் முன் அசையாமல் நிற்கிறான். நின்று நின்றே வெல்கிறான். வழியில் எலும்புக் குதிரை உடைந்து விழ, தாயைத் தானே இழுத்துக் கரையேற்றி, சிப்பியால் மண் தோண்டி அடக்கம் செய்கிறான். கடைசிப் பிடி மண் விழுந்தபோது திரேசம்மா சிலுவை போட்டுக்கொண்டார். பாக்கியம் அப்போதுதான் அழுதாள். சின்னம்மாவின் மடியில் முகம் புதைத்து, வாய்விட்டு அழுதாள். ஒருவரும் அவளைத் தடுக்கவில்லை.

பிறகு எல்லோரும், செத்தவீட்டுக்குப் போய்வந்தவர்களைப் போல, கிணற்றடியில் கால் கழுவினார்கள். அபிப்பிராயங்களும் அங்கேதான் வந்தன. குதிரை பின்காலை வைக்கும் விதம் சுத்தப் பிழை என்றார் ஒருவர். சாவரசனின் நண்டுக் கையில் ஒன்றையாவது முறித்திருக்கவேண்டும் என்றது ஒரு வாண்டு. "என்ரை அபிப்பிராயம் மாறேல்லை," என்றார் வாத்தியார். ஆனால் அவர் கடைசிவரை நின்று பார்த்தவர். அவர் சொன்னால் நான் கேட்டுக்கொள்வேன்.

திங்கட்கிழமை காலை துறைமுகத்துக்குப் பாக்கியமும் வந்திருந்தாள்.

"பயந்தனியோ?" என்று கேட்டேன்.

"ஓம், சரியான பயம்," என்றாள். "அடுத்த முறை நடுவிலை நிப்பாட்ட விடாதேங்கோ."

யாழ்ப்பாணத்தில் படத்தைத் திட்ட ஆட்களுக்குக் குறைவில்லை, இருந்து பார்க்கத்தான் ஆளில்லை. இனி நான் எவருடைய மண்டபத்தையும் கேட்டுப் போகப்போவதில்லை. படத்தை என் வீட்டு அடைப்பு விறாந்தையிலேயே காட்டுவேன். அதற்கு எட்டு யன்னல்கள். எட்டுக்கும் சாக்கு வாங்கிவிட்டேன், அறாத கயிறும் வாங்கிவிட்டேன்.