திங்கட்கிழமை நிலவறையில் இருந்தவன்

“அப்பா, எண்பத்தொன்பதில அந்த முகாமில நீங்கள் என்ன வேலை செய்தனீங்கள்?”

இந்தக் கேள்வியை மட்டும் கேட்கவே கூடாது என்று ஏழு வயதில் இருந்து எனக்குச் சொல்லி வைத்தவர் அம்மா. இருபது வருடம் கேட்காமல் இருந்தேன். போன நவம்பரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டில் கேட்டேன். அடுத்த நாள் நடந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நம்பாதவர்கள் நம்பவேண்டாம். நான் பேர்ண் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்தவள். எங்கள் குடும்பத்தில் அந்த வாசலை மிதித்த முதல் ஆள். ஆதாரம் இல்லாமல் ஒரு வரி எழுதினால் வெட்டி எறியும் இடத்தில் ஐந்து வருடம் இருந்தவள். பேய் என்று யாராவது சொன்னால் சிரிப்பேன். இதை நினைத்து இன்னும் சிரிப்பு வரவில்லை.

ஏன் கேட்டேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஊரில் இருந்து வந்த முதல் தலைமுறையின் நினைவுகளை நான் ஒலிப்பதிவு செய்து வருகிறேன். அப்படித்தான் வின்டர்தூரில் கமலாவதி அன்ரியைச் சந்தித்தேன். முதியோர் இல்லம் ஒன்றில் சமையல் வேலை. ஐம்பத்தொரு வயது. கல்யாணம் கட்டவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

“தலையாட்டியின்ர தங்கச்சியை ஆர் பிள்ளை கட்டுவான்?”

தலையாட்டி என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ‘அமைதி காக்க வந்தோம்’ என்று சொல்லிக்கொண்டு பக்கத்துப் பெரிய நாடு ஒன்று தன் இராணுவத்தை எங்கள் ஊருக்கு அனுப்பியது. காத்த அமைதி போதாது என்று பிறகு எங்களோடேயே சண்டை பிடித்தது. சண்டை சரிவராதபோது சனத்தை வெளியில் கூப்பிட்டு வரிசையில் விட்டது. முன்னால் ஒரு ஜீப். ஜீப்பில் ஒரு ஆள். அவன் தலையில் ஒரு சாக்கு, சாக்கில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை. வரிசையில் போகிறவரைப் பார்த்து சாக்கு ஆடினால் அவரைக் கொண்டுபோய்விடுவார்கள். அவ்வளவுதான் விசாரணை.

எண்பத்தொன்பதில் ஒரு நாள் அந்தச் சாக்குக்குள் இருந்தவன் கமலாவதி அன்ரியின் அண்ணன் விஜிதரன். பத்தொன்பது வயது. சாக்கு பதினொரு தரம் ஆடியது. பதினோராவது ஆள் அவர்களுடைய சொந்த ஐயா, பெற்ற தகப்பன். ஐயா திரும்பி வரவே இல்லை.

பிறகு பெரிய நாடு தோற்றது. பெரிய நாடுகள் தோற்றால் தோற்றோம் என்று சொல்லுவதில்லை, பணி முடிந்தது என்பார்கள். கொடியை மடித்தார்கள். கப்பலில் ஏறினார்கள். தங்களோடு நின்ற சிலருக்குக் கப்பலில் இடம் கொடுத்தார்கள். மற்றவர்களைக் குப்பை மாதிரி விட்டுப் போனார்கள். விஜிதரனை விட்டுப் போனார்கள். மூன்றாம் நாள் ஊர் இயக்கக்காரர் அவனை மின்கம்பத்தில் கட்டிச் சுட்டார்கள். கழுத்தில் ‘துரோகி’ என்று எழுதிய ஒரு மட்டை.

முப்பத்தைந்து வருடமாக அன்ரிக்கு ஒரே ஒரு கேள்விதான்.

“அவன் ஐயாவைப் பார்த்து ஏன் தலையாட்டினவன்?”

பதில் தெரிந்த ஒருவன் இருந்தான் என்று அன்ரி சொன்னார். ஜீப்பில், சாக்குக்குப் பின்னால் நின்றவன். அந்த இராணுவத்தின் முகாமில் மொழிபெயர்ப்பாளன். தமிழ்ப் பெடியன். முகத்தை ஒரு சால்வையால் மூடியிருந்தான்.

என் அப்பா தம்பித்துரைக்கு அந்த நாட்டு மொழி தண்ணீர் பட்ட பாடு. எப்படி என்று கேட்டால், படம் பார்த்துப் பழகியது என்பார். எண்பத்தொன்பதில் அதே ஊரில் இருந்தவர். தொண்ணூறில் அதே கப்பலில் ஏறியவர். இன்றைக்கு லாங்கன்தாலில் மரியாதையான மனிதர், கோயில் நிர்வாகத்தில் இருப்பவர்.

அதனால் கேட்டேன்.

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அம்மாதான் வாய் திறந்தார். நாளைக்கு எங்கள் உடுப்புத் தோய்க்கிற நாள், மறக்காதே என்றார்.

எங்கள் வீட்டில் உண்மைக்குக் கொடுக்கிற மரியாதை அவ்வளவுதான்.

*

இந்த நாட்டில் மாடி வீடுகளில் தோய்க்கிற மெசின் கீழே நிலவறையில் இருக்கும். எட்டுக் குடும்பத்துக்கு ஒரு மெசின். யாருக்கு எந்த நாள் என்று கதவில் அட்டவணை ஒட்டியிருக்கும். எங்களுக்குத் திங்கட்கிழமை. தவறவிட்டால் அடுத்த திங்கள்தான்.

மெசினுக்குப் பக்கத்தில் பதுங்கு அறை. ஒரு முழத் தடிப்பில் கொங்கிறீற் கதவு. இந்த நாட்டுக்கு ஒருபோதும் வராத போருக்காகக் கட்டியது. போரில் இருந்து வந்தவர்கள் நாங்கள் அதில் அரிசி வைக்கிறோம். மரச்சட்டம் அடித்து, வீட்டுக்கு ஒரு கூடு.

திங்கள். மாலை 5:36. வெளியே பனிப்புகார், முன் வீடே தெரியவில்லை. கூடையோடு கீழே இறங்கினேன். மெசினில் உடுப்பைப் போட்டேன். திரையில் 58 நிமிடம் என்று காட்டியது.

5:41. அரிசி எடுத்து வரச் சொல்லியிருந்தார் அம்மா. பதுங்கு அறைக்குள் போனேன். அங்கே விளக்கு மூன்று நிமிடம்தான் எரியும். பிறகு தானாக அணையும். திரும்பச் சுவிச்சை அமத்த வேண்டும்.

எங்கள் கூட்டுக்குள் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் கதிரை. கதிரையில் ஒரு சாக்கு.

அம்மா வெறும் சாக்கை எறியமாட்டார், சேர்த்து வைப்பார். அதுதான் என்று நினைத்தேன். பூட்டைத் திறக்கும்போதுதான் கவனித்தேன்.

அது சணல் சாக்கு.

எங்கள் அரிசி வெள்ளை பிளாஸ்டிக் பையில் வருகிறது. இந்த நாட்டில் நான் சணல் சாக்கைக் கண்டதே இல்லை.

மணமும் வந்தது. உமி. மண்ணெண்ணெய். வியர்வை.

டக்.

விளக்கு அணைந்தது.

சுவரைத் தடவி அமத்தினேன். எரிந்தது.

சாக்கு கதிரையில் கிடக்கவில்லை. உயர்ந்து நின்றது. சாக்குக்குக் கீழே தோள் இருந்தது. தோளுக்குக் கீழே ஒரு சேர்ட். முழங்காலில் இரண்டு கை. கை கயிற்றால் கட்டியிருந்தது.

சாக்கில் இரண்டு ஓட்டை. இரண்டும் என்னைப் பார்த்தன.

சுவரோடு ஒட்டி நின்றேன். படித்த படிப்பு எல்லாம் எங்கே போனதோ தெரியாது.

பக்கத்து அறையில் மெசின் நின்றுவிட்டது. ஒரு சத்தமும் இல்லை.

பிறகு சாக்கு ஆடியது.

மேலிருந்து கீழே. ஒரு தரம்.

ஆனால் அது சரியான ஆட்டம் இல்லை. மனிதர் தலையாட்டினால் நாடி முதலில் இறங்கும். இங்கே பின்பக்கம் முதலில் அமுங்கியது. சாக்கின் பின்மண்டையில் நான்கு குழி விழுந்தது. அதற்குப் பிறகுதான் தலை இறங்கியது. இறங்கிய தலை எதிர்த்து மேலே வந்தது.

திரும்ப அமுங்கியது.

மூன்று...

நான்கு...

எனக்குத் தெரியாமலே எண்ணினேன்.

எட்டு. ஒன்பது.

பத்து...

பத்துக்குப் பிறகு நின்றது. சாக்கு இடமும் வலமும் அசைந்தது. இல்லை, இல்லை என்பது மாதிரி. துணி உள்ளே இழுபட்டு வெளியே வந்தது. மூச்சு.

உள்ளே இருந்து ஒரு குரல்.

“ஐயா...”

அப்போதுதான் பின்னால் இருந்த கை தெரிந்தது.

கை மட்டும். இளம் கை. மணிக்கூட்டை உள்பக்கமாகத் திருப்பிக் கட்டியிருந்தது. எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான் அப்படிக் கட்டுவார்.

கை சாக்கைப் பிடித்தது.

தள்ளியது.

பதினொன்று.

டக். விளக்கு அணைந்தது.

*

எப்படி ஏறி வந்தேன் என்று தெரியாது. வீட்டு அடுப்பு மணிக்கூட்டில் 5:52.

அப்பா மேசையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். நான் போனதில் இருந்து கதிரையை விட்டு எழும்பவில்லை என்று அம்மா பிறகு சத்தியம் பண்ணிச் சொன்னார். நான் மூச்சு வாங்க நின்றேன். ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. இதை வாசிக்கிறவர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

அப்பா என்னை நிமிர்ந்து பார்க்காமல் கேட்டார்.

“எத்தினை தரம் ஆட்டினவன்?”



“பதினொண்டு.”

“அவன் ஆட்டேல்லை,” என்றார் அப்பா. “ஒருக்காலும் ஆட்டேல்லை. விடிய நாலு மணியில இருந்து அடிச்சவங்கள். அப்பிடியும் ஆட்டேல்லை. நான் தள்ளாட்டி அந்தச் சாக்கை எனக்குப் போட்டிருப்பாங்கள்.”

அவ்வளவுதான். தேத்தண்ணியை ஊதிக் குடித்தார்.

உலகத்தில் எத்தனையோ பெரிய நாடுகள் எத்தனையோ சின்ன ஊர்களில் தோற்றுப் போகின்றன. தோற்றவர்கள் வீட்டுக்குப் போய்ப் பதக்கம் குத்திக்கொள்கிறார்கள். அவர்களுடைய கையாக இருந்தவர்கள் வேறு நாட்டில் கோயில் நிர்வாகத்தில் இருக்கிறார்கள். தலை கொடுத்தவனுக்கு மட்டும் ஒரு மட்டை. அந்த நாட்டின் மீதும் என் அப்பா மீதும் எனக்கு அந்த நேரத்தில் ஒரே அளவு அருவருப்புத்தான் வந்தது. பாவம் என்று தோன்றவில்லை. இப்போதும் தோன்றவில்லை.

6:04. அறைக்குள் போய்க் கமலாவதி அன்ரிக்குப் போன் எடுத்தேன். கண்டதைச் சொல்லவில்லை. சொன்னால் எனக்கு விசர் என்று நினைப்பார். ஒரு கேள்வி மட்டும் கேட்டேன்.

“அன்ரி, சாக்குக்குள்ள இருந்தது உங்கட அண்ணைதான் எண்டு அண்டைக்கு எப்பிடித் தெரியும்? முகம் தெரியாதுதானே?”

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரத்தைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னார். இராணுவம் வீட்டுக்கு வந்து அண்ணனைப் பிடித்தபோது, குசினியில் இருந்த நெல்லுச் சாக்கையும் கொட்டிவிட்டு எடுத்துப் போனதாம். அந்தச் சாக்கின் ஒரு மூலையை எலி கடித்திருந்தது. பள்ளிக்கூடத்தில் தையல் பழகிய சிவப்பு நூலால் அவர்தான் அதைத் தைத்தாராம். ஒரு பூ மாதிரி.

“வலது காதுக்குப் பக்கத்தில இருந்தது. அதை வச்சுத்தான் பிடிச்சன். இதை நான் ஒருத்தருக்கும் சொன்னதில்லை பிள்ளை. ஏன் கேக்கிறாய்?”



விளக்கு அணைவதற்குக் கொஞ்சம் முன்பு, அந்தத் தலை என் பக்கம் சரிந்தபோது, நான் அதைப் பார்த்திருந்தேன். வலது காதுக்குப் பக்கம். சிவப்பு நூலில் ஐந்து இதழ். வடிவாக இல்லை, ஒரு இதழ் கோணல். இரத்தமாக்கும் என்று நினைத்திருந்தேன்.

“வாறன் அன்ரி,” என்றேன். “இண்டைக்கே வாறன். நேரில சொல்லவேணும்.”

அறைக் கதவைத் திறந்தால் அம்மா நின்றார். எல்லாம் கேட்டிருக்கிறார். என் அம்மா தில்லைநாயகி அழுதால் சத்தம் வராது, தாடை மட்டும் நடுங்கும்.

“சொல்லிப்போடாத. கோயில்ல நாங்கள் எப்பிடி முகத்தைக் காட்டுறது? அப்பா செத்துப்போவார் சாரு.”

“அவர்தான் சாகேல்லையே அம்மா. செத்தது அவங்கள்.”

“அவள் இவ்வளவு காலம் இருந்திட்டாள். இனித் தெரிஞ்சு என்ன செய்யப்போறாள்?”

“தன்ர அண்ணையைப் பற்றி அழுவா. இவ்வளவு காலமும் அதுக்கும் வெக்கப்பட்டவா.”

அப்பா மேசையில் அப்படியே இருந்தார். கோப்பை வெறுமையாகிவிட்டது. என்னைத் தடுக்க எழும்பவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை. சொல்லக்கூட முதுகெலும்பு இல்லை.

நான் சப்பாத்தைப் போட்டேன். ஒலிப்பதிவுக் கருவியைப் பைக்குள் வைத்தேன். உடுப்பு இன்னும் மெசினுக்குள் கிடந்தது. யாராவது எடுக்கட்டும்.

நிலவறைப் படியைக் கடக்கும்போது கீழே பார்க்கவில்லை. தெருவில் இறங்கி ரயில் நிலையத்துப் பக்கம் நடந்தேன்.