அத்தை எடுக்காத போன்

கம்பத்தில் எங்கள் வீட்டிலேயே கம்ப்யூட்டர் வைத்துக் கல்யாண அழைப்பிதழ் வடிவமைத்துக் கொடுத்துவந்தேன். போன் லைனிலேயே இன்டர்நெட்டும் ஓடிய காலம் அது; நடுவில் யாராவது போனை எடுத்தால் இணைப்பு அறுந்துவிடும். எழுத்துரு மென்பொருள் ஒன்றைப் பணம் கட்டி வாங்கினேன். டவுன்லோடு ஆக ஐந்து மணி நேரம் காட்டியது. இரண்டு முறை தானாகவே பாதியில் அறுந்தது. மூன்றாவது முறை முடியப்போகும் நேரத்தில், ஆண்டிபட்டியில் இருக்கும் தன் தங்கையிடம் பேசுவதற்காக என் மாமியார் உள்ளறையில் போனை எடுத்துவிட்டார். எல்லாம் போயிற்று.

அழைப்பிதழ் வாங்க வந்தவர்கள் முன்னாலேயே கத்தினேன். "இனிமே இந்தப் போனத் தொடாதீக அத்தை!"

மறுநாள் பேங்குக்குப் போய்த் திரும்பினேன். "போன் நாலஞ்சு தடவ அடிச்சுச்சுத்தா" என்றார் அத்தை.

"எடுக்க வேண்டியதுதான?"

"நீதானத்தா தொடக் கூடாதுன்னு சொன்ன."

அப்போதே மறுபடியும் அடித்தது. நான் எடுத்தேன்; ஆண்டிபட்டியிலிருந்து பேசினார்கள். அத்தையின் தங்கை ஆஸ்பத்திரியில் இருந்தார். அக்காவிடம் பேச வேண்டும் என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தாராம். நாங்கள் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது அவருக்குப் பேச்சு நின்றிருந்தது. மூன்றாம் நாள் இறந்துபோனார்.

ஏன் போனை எடுக்கவில்லை என்று துட்டி வீட்டில், சாவுக்கு வந்த சொந்தக்காரர்கள் கேட்டார்கள். "நான் அசந்து தூங்கிட்டேன்" என்றார் அத்தை. பக்கத்தில் நின்ற நான் வாய் திறக்கவில்லை.

அதன் பிறகு எந்த மென்பொருளையும் தபாலில் சிடியாகவே வரவழைத்தேன். போன் அடித்தால் அத்தை இன்னும் என் முகத்தைத்தான் பார்க்கிறார். நானே எடுத்து அவர் கையில் கொடுக்கிறேன். அன்று மறைத்ததை இங்கே எழுதிவிட்டேன். ஆண்டிபட்டிச் சொந்தக்காரர்களும் இந்த இதழைப் படிப்பவர்கள்தான்.