காக்கிநாடாவுக்குக் குறைந்த செலவில் ஒரு படகு

ராயபுரத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் இருபத்தாறு வருடம் குமாஸ்தாவாக இருந்தேன். எந்தக் கப்பலில் எந்தப் பெட்டி வருகிறது, அது எத்தனை படிவத்தோடு, எத்தனை நகலோடு துறைமுகத்தை விட்டு வெளியே போக வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். அத்தனை வருடத்தில் ஒரு கப்பலிலும் நான் கால் வைத்ததில்லை. படகில்கூட ஏறியதில்லை. நீச்சலும் தெரியாது. ஆகவே, ஒரு நீண்ட நீர்வழிப் பயணத்தைத் திட்டமிட வடசென்னையில் என்னைவிடத் தகுதியான ஆள் இல்லை என்று நான் நம்பியதில் வியப்பில்லை.

ஏஜென்சியில் எல்லா வேலையும் கம்ப்யூட்டருக்குப் போனபோது, எனக்கு ஓய்வு அவசியம் என்று அவர்களே கண்டுபிடித்துச் சொன்னார்கள். சால்வை போட்டு அனுப்பினார்கள். மறுநாள் காலையிலிருந்து திருவொற்றியூர் வீட்டில் உட்கார்ந்து செல்போன் பார்க்க ஆரம்பித்தேன். அதில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி படகிலேயே குடியிருந்தார்கள். கால்வாய் வழியாக ஊர் ஊராகப் போனார்கள். கரையில் பூ, தண்ணீரில் வாத்து, கையில் காப்பி. வாடகை இல்லை, ஓட்டல் இல்லை, மிகவும் சிக்கனம் என்று அந்த அம்மாள் சொன்னார்.

எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் பக்கிங்காம் கால்வாய். செல்போன் வரைபடத்தில் விரலால் தள்ளிக்கொண்டே போனேன். எண்ணூர், காட்டுப்பள்ளி, பழவேற்காடு ஏரி, பிறகு ஆந்திரா, கடைசியில் காக்கிநாடா. கோடு முழுக்க நீல நிறம். வரைந்தவர் ஒருமுறை நேரில் வந்து மோந்து பார்த்திருந்தால் வேறு நிறத்தை யோசித்திருப்பார். ஆனால் எனக்கு அந்த நீலம் போதும். ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கினேன். முதல் பக்கத்தில் ‘காக்கிநாடா, இருபத்தொரு நாள்’ என்று எழுதிக் கீழே அழுத்தமாக இரண்டு கோடு போட்டேன். எங்கே தங்குவது, எங்கே சமைப்பது, எந்த ஊரில் குடிதண்ணீர் பிடிப்பது என்று ஒரு மாதம் எழுதினேன். ஒரு படகுக்குள் எவ்வளவு இடம் இருக்கும் என்பதைத் தவிர மற்ற எல்லாம் அந்த நோட்டில் இருந்தது.

என் மனைவியிடம் அதைப் படித்துக் காட்டினேன். அவள் காசிமேட்டுக்காரி. அப்பா கடலுக்குப் போனவர். அண்ணன்கள் இருவர் இன்னும் போகிறார்கள். இவள் பத்து வயதிலிருந்து அம்மாவோடு ஏலத்தில் நின்று மீன் விற்றவள். ஆனால் அவர்கள் குடும்பத்தில் பெண்கள் படகில் ஏறக் கூடாது. ஏறினால் கடல் கொடுக்காது என்பார்கள். படகு வாங்க அவள் நகை போகலாம், வலையை அவள் பின்னலாம், மீனை அவள் விற்கலாம். ஏறுவது மட்டும் கூடாது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் இதைப் பற்றி என்னிடம் குறையாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

முழுவதையும் கேட்டுவிட்டு, கீரை ஆய்ந்தபடியே ஒன்றைத்தான் கேட்டாள்.

“அதுல கக்கூஸ் எங்க கீது?”

நோட்டில் இல்லை. எழுதிக்கொள்வதாகச் சொன்னேன்.

அவளுடைய கடைசித் தம்பி கடலை விட்டுவிட்டு டோல்கேட் ஏரியாவில் வெல்டிங் பட்டறை வைத்திருந்தான். அவனிடம் சொன்னதும் நோட்டைப் பார்க்காமலேயே கூட வருவதாக ஒப்புக்கொண்டான். வெயிலுக்குக் கூரை இல்லாமல் ஒருத்தனும் காக்கிநாடா போக முடியாது, கூரை தன் பொறுப்பு என்றான். அனுமதி வாங்குவது என் பொறுப்பு. படிவம் என்றால் நான்தானே.

முதல் அலுவலகத்தில் இருந்த அதிகாரி எங்கே போகிறீர்கள் என்று கேட்கவில்லை. எதற்குப் போகிறீர்கள் என்றார். சும்மா, சுற்றிப் பார்க்க என்றேன். அவர் மேசையில் இருந்த பட்டியலை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார். மீன்பிடிக்க இருந்தது, சரக்கேற்ற இருந்தது, படப்பிடிப்புக்குக்கூட இருந்தது. சும்மாவுக்குப் படிவம் இல்லை. சினிமா எடுப்பதாக இருந்தால் சொல்லுங்கள், உடனே முடித்துவிடலாம் என்று உதவ முன்வந்தார். நான் மறுத்ததால் இரண்டாவது அலுவலகத்துக்கு அனுப்பினார். அங்கே இருந்தவர்கள், தண்ணீர்தான் எங்களுடையது, கரை வேறு ஆட்களுடையது என்று சொல்லி, கரைக்காரர்களிடம் கடிதம் வாங்கி வரச் சொன்னார்கள். கரைக்காரர்கள் முதல் அலுவலகத்தில்தான் இருந்தார்கள். இருபத்தாறு வருடம் இந்த மாதிரி ஓட்டத்தை வைத்தே சோறு சாப்பிட்டவன் நான். வாயைத் திறக்க எனக்கு உரிமையில்லை.

ஐந்தாவது முறை போனபோது, மூலையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் என்மேல் இரக்கப்பட்டு அருகில் கூப்பிட்டார்.

“நம்பர் போட்ட போட்டுல, மீன் புடிக்கிறவங்க கூட ஏறிப் போனா யாரும் இன்னான்னு கேக்க மாட்டாங்க சார். நீங்க வந்து கேட்டீங்க பாருங்க, அதான் பேஜாரு.”

பழவேற்காட்டுக்கு அப்பால் வேறு மாநிலம், அங்கே இதே மாதிரி தனி அலுவலகங்கள் இருக்கின்றன என்ற தகவலையும் இலவசமாகக் கொடுத்தார். அன்று சாயங்காலம் நோட்டில் காக்கிநாடாவை அடித்துவிட்டு, ‘முதல் கட்டம், பழவேற்காடு, ஒரு நாள்’ என்று எழுதினேன். முதல் கட்டம் என்று போட்டதில் கௌரவம் கொஞ்சம் மிஞ்சியது.

படகைத் தேடிப்பிடித்தது என் மனைவி. எண்ணூர் முகத்துவாரத்தில் நண்டும் இறாலும் பிடிக்கிற ஒரு அம்மாளை அவளுக்கு மீன் மார்க்கெட்டில் பழக்கம். அறுபது வயதிருக்கும். புருஷன் போன பிறகு படகை விற்காமல் தானே ஓட்டுகிறவர். கழிமுகத்துப் பக்கம் பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிக் கையாலேயே இறால் பிடிப்பது வழக்கம். படகு ஏறக் கூடாது என்ற பேச்செல்லாம் அங்கே எடுபடாது. டீசலும் ஒரு நாள் கூலியும் கொடுத்தால் பழவேற்காடு போய்வரலாம், அங்கே தன் அக்கா மகள் வீட்டில் ராத்தங்கலாம் என்றார். ஒரு மாதம் எழுதிய நோட்டு செய்யாததை இரண்டு பெண்கள் மீன்கூடைக்குப் பக்கத்தில் நின்று ஐந்து நிமிடத்தில் முடித்தார்கள்.

மச்சான் கூரையோடு வந்தான். நான்கு இரும்புக் கால், மேலே வளைவான தகடு. அதைப் படகின் இரண்டு ஓரத்திலும் பட்டை வைத்து முறுக்கி, போல்ட்டுகளின் தலையை வெல்டிங் வைத்து மூடிவிட்டான். புயலே வந்தாலும் அசையாது என்றான். கழற்ற முடியுமா என்று படகுக்கார அம்மாள் கேட்டார். எதற்குக் கழற்ற வேண்டும் என்று திருப்பிக் கேட்டான்.

கிளம்ப மூன்று நாள் இருக்கும்போது என் மனைவி தானும் வருவதாகச் சொன்னாள். சத்தமாகச் சொல்லவில்லை. மூன்று பேருக்குப் புளிசோறு போதுமா, நான்கு பேருக்குக் கட்டட்டுமா என்று கேட்டாள், அவ்வளவுதான். அவள் தம்பியின் முகம் மாறியது. அப்பா இருந்திருந்தால் இதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பாரா என்றான். அப்பா இல்லை என்றாள் அவள். மறுநாள் பட்டறைக்கு அவசர ஆர்டர் வந்துவிட்டதாக அவனிடமிருந்து போன் வந்தது. புளிசோறு மூன்று பேருக்கே ஆயிற்று.

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு எண்ணூரில் ஏறினோம். என் மனைவி படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிக் கரையிலேயே வைத்துவிட்டு ஏறினாள். கோயிலுக்குள் நுழைகிற மாதிரி இருந்தது. நான் இரண்டு லைஃப் ஜாக்கெட்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, நோட்டோடு கூரைக்கடியில் உட்கார்ந்தேன். வெள்ளைக்கார அம்மாள் சொன்ன பூவுக்குப் பதிலாக இரண்டு கரையிலும் புகைபோக்கிகள் இருந்தன. வாத்துக்குப் பதிலாகத் தெர்மாகோல் மிதந்தது. காப்பியை மட்டும் பிளாஸ்கில் கொண்டுபோயிருந்தேன். அதில் ஒரு மிடறு குடித்ததும் அந்தக் காற்றோடு சேர்ந்து குமட்டியது.

ஒரு மணி நேரம் போயிருப்போம். கால்வாய்க்குக் குறுக்கே ஒரு பழைய இரும்புக் குழாய் போனது. படகுக்கார அம்மாள் இன்ஜினைக் குறைத்து, எழுந்து நின்று பார்த்தார். கூரை குழாயில் போய் மெதுவாக இடித்து நின்றது. இரண்டு விரல் உயரம்தான் இடித்தது. தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. வற்றட்டும் என்று காத்திருக்கலாம் என்றேன். வற்றினால் அடியில் சேறு, படகு உட்கார்ந்துவிடும், நாளைதான் கிளம்பலாம் என்றார் அம்மாள். தண்ணீர் இருந்தால் கூரை இடிக்கும், தண்ணீர் இல்லாவிட்டால் சேறு பிடிக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் சரியாக மாட்டிக்கொள்ளும்படி ஒரு கூரையை அளவெடுத்துச் செய்த என் மச்சானின் தொழில் திறமையை அப்போதுதான் முழுதாக உணர்ந்தேன். அவனுக்குப் போன் செய்தேன். ஆர்டரில் பிஸியாக இருந்தான், எடுக்கவில்லை.

சுத்தியலால் அடித்துப் பார்த்தோம். புயலுக்கு அசையாதது எனக்கா அசையும்? நோட்டைப் புரட்டினேன். குழாயைப் பற்றி ஒரு வரி இல்லை. திரும்பிவிடலாம் என்று நான்தான் முதலில் சொன்னேன். உண்மையைச் சொன்னால், சொல்லும்போது கொஞ்சம் நிம்மதியாகவே இருந்தது.

கொஞ்ச தூரத்தில் ஆறு பெண்கள் தண்ணீரில் உட்கார்ந்த வாக்கில் நகர்ந்து, கையால் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பிடித்த இறாலைப் போடும் ஓலைப்பறியின் கயிற்றைப் பல்லால் கடித்துப் பிடித்திருந்தார்கள். என் மனைவி அவர்களைப் பார்த்தாள், படகைப் பார்த்தாள், குழாயைப் பார்த்தாள். பிறகு கையை வாயருகே குவித்துக் கூப்பிட்டாள். காசிமேட்டு ஏலக்குரல். அதை நான் வீட்டில் கேட்டதுண்டு, வெட்டவெளியில் கேட்டதில்லை.

“யக்கா, எல்லாரும் வந்து கொஞ்சம் ஏறுங்க. போட்டு அமுங்கணும்.”

என்ன, ஏது என்று ஒருவரும் விளக்கம் கேட்கவில்லை. சேற்றோடும் பறியோடும் ஒருவர் பின் ஒருவராக ஏறினார்கள். ஏற ஏறப் படகு தாழ்ந்தது. ஒரு விரல், ஒன்றரை விரல். என்னையும் எழுந்து, கூரை இடிக்கிற முனைக்கு வந்து நிற்கச் சொன்னார்கள். என் இருபத்தாறு வருட உட்கார்ந்த வேலையின் எடை அன்றுதான் முதல்முறையாக ஒரு பொதுக் காரியத்துக்குப் பயன்பட்டது. கூரை குழாயை உரசியபடி, காதைக் கிழிக்கும் சத்தத்தோடு அந்தப் பக்கம் போனது. பெண்கள் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். ஒருவர் மட்டும் எங்கே போகிறீர்கள் என்று என் மனைவியிடம் கேட்டார். சும்மா என்றாள். அந்தப் பெண் தலையாட்டிவிட்டுத் திரும்பவும் தண்ணீரில் உட்கார்ந்தார். அங்கே அதற்குப் படிவம் தேவைப்படவில்லை.

அதற்கப்புறம் கால்வாய் வேறாக இருந்தது. தண்ணீர் தெளிந்தது, இரண்டு பக்கமும் பச்சை வந்தது. மத்தியானம் பழவேற்காடு ஏரி திறந்துகொண்டதும் காற்று அடித்துப் படகு குதித்தது. நான் விளிம்பில் தலையைத் தொங்கப்போட்டு, காலையில் சாப்பிட்டது, முந்தின நாள் சாப்பிட்டது எல்லாவற்றையும் ஏரிக்குத் திருப்பிக் கொடுத்தேன். நோட்டு மடியிலிருந்து நழுவித் தண்ணீரில் விழுந்தது. அதில் மீதியிருந்த நீல மையும் கரைந்து போவதைப் பார்க்கக்கூட எனக்குத் தெம்பில்லை. என் மனைவி ஒரு கையால் என் சட்டைக் காலரைப் பிடித்திருந்தாள். முகம் என் பக்கம் இல்லை. தூரத்தில் பூநாரைகள் கூட்டமாக நின்றன. அவள் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா மகள் வீட்டில் கஞ்சி கொடுத்துப் படுக்க வைத்தார்கள். காலையில் அந்த வீட்டுக்காரர் இரும்பு அறுக்கும் ரம்பத்தால் கூரையின் நான்கு காலையும் அறுத்து இறக்கி, கோழி அடைக்கத் தோதாக இருக்கும் என்று வைத்துக்கொண்டார். நான் படகைப் பார்த்தேன், ஏரியைப் பார்த்தேன். படகில் ஏறாமல் திண்ணைக்கே திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

“நீ பஸ்ல போயா,” என்றாள் என் மனைவி. “நான் யக்கா கூட வந்துர்றேன்.”

குறைந்த செலவில் நீர்வழிப் பயணம் திட்டமிட்டவன், பொன்னேரிக்குப் பஸ்ஸும் அங்கிருந்து ரயிலும் பிடித்து, எண்ணூர் ஸ்டேஷனில் இறங்கினேன். வழியில் ரயில் பாலத்தின் மேல் போனபோது ஜன்னலோரம் எழுந்து நின்று பார்த்தேன். கீழே படகு எதுவும் இல்லை. முகத்துவாரத்துக்கு நடந்துபோய்க் கரையில் உட்கார்ந்து காத்திருந்தேன். ஒரு மணி ஆயிற்று, இரண்டு ஆயிற்று. திட்டம் போடும்போது ஒருநாளும் வராத பயம் அப்போது வந்தது. இவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் இவள் வீட்டில் என்ன சொல்வேன் என்பதல்ல. இவள் இல்லாமல் நான் என்ன செய்வேன் என்பதுதான்.

மூன்று மணிக்குப் படகு வந்தது. முன்னால் படகுக்கார அம்மாள் காலை நீட்டி உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார். பின்னால் இன்ஜின் கைப்பிடியைப் பிடித்தபடி என் மனைவி நின்றிருந்தாள். புடவையைத் தூக்கிச் செருகியிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையசைக்கவில்லை. அவளுக்குக் கை ஒழியவில்லை. கரைக்குச் சரியாகக் கொண்டுவந்து இன்ஜினை நிறுத்தி, தண்ணீரில் இறங்கிக் கயிற்றை என்னிடம் கொடுத்தாள். எப்படி இருந்தது என்று கேட்டேன்.

“பசிக்குது,” என்றாள்.

இப்போது மாதத்துக்கு இரண்டு தரம் அந்த அம்மாளோடு போகிறாள். நண்டு கொண்டுவருகிறாள். ஏரியில் ஆந்திர எல்லை வரைக்கும் போய்வந்துவிட்டாள். காக்கிநாடா இருந்த இடத்திலேயே இருக்கிறது, யாருக்கும் தொந்தரவில்லை.

ஒரு நாள் அவள் தம்பி வந்தான். கூரையைப் பற்றி அவனும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. நண்டுக் குழம்பு ஊற்றினாள். பாதி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, நிமிர்ந்து பார்க்காமல், ஏரி முகப்பில் எந்தப் பக்கம் ஆழம் என்று அவளைக் கேட்டான். கிழக்கே மூங்கில் நட்டிருக்கும் இடத்தை ஒட்டி வந்தால் படகு அடி தட்டாது, மேற்கே மேடு விழுந்திருக்கிறது என்றாள். வற்றும்போது எவ்வளவு இருக்கும் என்றான். இடுப்பளவு என்றாள். அவன் சோற்றில் வைத்த கையை எடுக்காமல், அவள் சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தான்.