சம்பூர்ணம் அக்கா மெதுவானவர் அல்ல

புதன்கிழமை காலை கடையைத் திறந்துகொண்டிருந்தபோது சம்பூர்ணம் அக்காவின் மகள் போன் செய்தாள். "அண்ணா, அம்மா பூட்டாங்க. நெஞ்சு வலிக்குதுன்னாங்க, ஆட்டோ வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடுச்சி" என்றாள். முந்தின நாள் சாயங்காலம் வரை எங்களோடு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தவர். அழுகை வருவதற்கு முன்னால் எனக்கு ஒரு பயம் வந்தது. அவரிடம் சொல்லவேண்டிய ஒன்றை மூன்று வருடங்களுக்கு மேலாகச் சொல்லாமல் வைத்திருந்தேன்.

உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் இணையச் சேவைக் கடைக்கு வந்திருப்பவர்களுக்கு அக்காவைத் தெரியும். பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, முதியோர் உதவித்தொகை என்று எதற்கு வந்தாலும் முதலில் பெயரையும் சர்வே எண்ணையும் விண்ணப்பத்தில் நிரப்புவார். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு, வந்தவர் சொல்வதை முழுக்கக் கேட்பார். ஏரிக்கால்வாய், பங்காளிச் சண்டை, அண்ணன் போட்ட கையெழுத்து என்று கதை கால் மணி நேரம் ஓடும். "பேசறப்ப நாம தட்டிக்கினு இருந்தா அவங்க பாதியில நிறுத்திடுவாங்க தம்பி. முக்கியமான சங்கதி அந்த மீதிப் பாதியிலதான் கீது" என்பார். மற்றவர்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டே தட்டுபவர்கள்தான், நானும்தான்.

கடையின் கணினிகள் பழையவை. அவற்றில் விண்டோஸுக்குப் பதில் எடை குறைந்த லினக்ஸைப் போட்டு ஓடவைத்தது நான். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சநஞ்சமல்ல. மத்தியானம் மின்சாரம் போனால் யூ.பி.எஸ். தாங்கவில்லை என்று முதலாளி புலம்பியதால், யாரும் தொடாமல் பத்து நிமிடம் இருந்தால் கணினி தானாக உறங்கும்படி வைத்தேன். திரையை மட்டும் அணைப்பதற்குத் தனி அமைப்பு உண்டு, கணினியையே உறங்கவைப்பதற்குத் தனி அமைப்பு உண்டு. திரையை அணைப்பதே போதும். நான் இரண்டையும் பத்து நிமிடத்துக்கு இழுத்துவிட்டேன். டீ குடித்துவிட்டு வந்து ஒரு பொத்தானைத் தட்டிப் பார்த்தேன், கணினி எழுந்துகொண்டது. சோதனை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். விண்ணப்பம் ஒன்றைத் திறந்துவைத்துப் பார்க்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இரண்டு நாள் கழித்து அக்கா வந்து, "தம்பி, இந்தப் பொட்டி தூங்கிடுதுப்பா. எழுப்புனா நான் எழுதனது ஒண்ணும் இல்ல, மறுபடியும் ஓ.டி.பி. கேக்குது. அது வந்தவங்களோட புள்ள போனுக்குத்தான் போவுது. அவன் ஒரகடம் கம்பெனில ஷிப்டுல கீறான், போன எடுக்க மாட்டேங்கறான். நான் இன்னா பண்றது?" என்று கேட்டார்.

"எல்லாருக்கும் அதே செட்டிங்தான்க்கா. வேற யாருக்கும் தூங்கல. நீங்க கொஞ்சம் வேகமா பண்ணுங்க" என்றேன். என் கண் என் திரையில்தான் இருந்தது. எழுந்துபோய்ப் பார்க்கவில்லை.

அதன்பின் அவர் கேட்கவில்லை. ஒரே விண்ணப்பத்தை இரண்டு தடவை, மூன்று தடவை அடித்தார். சாப்பாட்டு நேரத்திலும் அடித்தார். வாசலில் ஆட்கள் காத்திருந்து முணுமுணுத்தார்கள். முதலாளி என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். "அக்கா நல்லவங்க. ஆனா கம்ப்யூட்டர் அவங்களுக்கு வரல" என்று சொன்னேன். அடுத்த வாரம் முதலாளி அக்காவை ஜெராக்ஸ் மேசைக்கு மாற்றிவிட்டார். அக்கா முகத்தில் எதையும் காட்டவில்லை. "இதுவும் வேலைதான தம்பி" என்றார்.

ஒரு மாதம் கழித்து அதே கணினியில் நான் உட்கார்ந்திருந்தேன். வாலாஜாபாத்திலிருந்து வந்த நண்பர் ஒருவர் குடும்பக் கதையைச் சொல்ல, நான் தட்டுவதை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். திரை கறுத்தது. எழுப்பினேன். இணையம் அறுந்து, தளம் என்னை வெளியே தள்ளி, நிரப்பியதெல்லாம் போயிருந்தது. யாராவது பேசும்போது கையைக் கட்டிக்கொண்டு கேட்பவருக்கு மட்டும் அந்தக் கணினி உறங்கும். எங்கள் கடையில் அப்படிக் கேட்டவர் ஒரே ஒருவர்தான்.

அமைப்பைத் திறந்து 'ஒருபோதும் வேண்டாம்' என்று மாற்றினேன். அரை நிமிட வேலை. எட்டடி தள்ளி அக்கா யாருடைய ரேஷன் கார்டையோ லேமினேஷன் செய்துகொண்டிருந்தார். போய்ச் சொல்லியிருக்கலாம். முதலாளியிடமாவது சொல்லியிருக்கலாம். என் பெருமை கெட்டுவிடுமே என்று வாயை மூடிக்கொண்டேன். இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். அவரோ தன் டிபன் டப்பாவைத் திறந்தால் எனக்கு ஒரு பங்கு வைக்காமல் சாப்பிடமாட்டார். நானும் ஒவ்வொரு முறையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

துக்கத்துக்கு மானாம்பதியில் அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அம்மா எப்பவும் உங்களப் பத்திதாண்ணா பேசும். 'எனக்குக் கம்ப்யூட்டரு வரல, அந்தத் தம்பி எவ்ளோ பொறுமையா இருந்தான்'னு சொல்லிக்கினே இருக்கும்" என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்போதும் சொல்லவில்லை.

இதை அவளும் படிப்பாள். அக்காவிடமிருந்து என்னிடம் என்ன இருக்கிறது என்று கேட்டால், அவருடைய நல்ல பெயர் இருக்கிறது. அவர் எனக்குக் கொடுத்ததில்லை, நான் எடுத்துக்கொண்டது. வாங்கிக்கொள்ள அவர் இல்லை. அதனால் அவரை அறிந்த உங்களிடம் திருப்பிக் கொடுக்கிறேன். சம்பூர்ணம் அக்காவுக்குக் கம்ப்யூட்டர் நன்றாகவே வந்தது.