மாமாவின் வலக்கை

நேற்று ஈப்போ ஹாக்கி அரங்கில் தொடரின் மூன்றாவது ஆட்டம், அதில் ஜெயிப்பவருக்கே கோப்பை. பெனால்டி கார்னரில் தள்ளிவிட்ட பந்தை ஒருவன் மட்டையால் நிறுத்த, இன்னொருவன் அடித்தான். கோல்!

"அடிச்சான் பாருலா, அவன்தான் ஸ்டாரு!" என்று மகன் குதித்தான். என் கண் பந்தை நிறுத்தியவனை விட்டு நகரவில்லை.

நான் வளர்ந்த ரப்பர் தோட்டத்துத் திடலில் அந்த வேலை மாமாவுடையது. அந்தக் காலத்தில் பந்தைக் கையாலேயே நிறுத்தலாம். பால்மரம் வெட்டிப் பால் எடுக்கும் மாமா, ஒட்டுப்பால் வாடை போகாத வலக்கையைப் புல்லில் பதித்து மண்டியிடுவார். பந்து கல்லாக வந்து மோதும் சத்தத்தில் எங்களுக்குப் பல் கூசும். பந்து அசையாது. லாரி ஓட்டும் செல்வம் அண்ணன் ஓடி வந்து அடிப்பார்.

பக்கத்துத் தோட்டத்தோடு நடந்த தொடரின் கடைசி ஆட்டத்தை அப்படித்தான் வென்றோம். தோட்டமே செல்வம் அண்ணனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடியது.

அன்று கோயில் கொட்டகையில் விருந்து. மாமாவின் கை வீங்கி, விரல்கள் மடங்கவில்லை. பந்தியில் இடக்கையால் சாப்பிடக் கூசி, இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்தில் மாலையோடு செல்வம் அண்ணன் அருகில் வந்து உட்கார்ந்து, கறிச்சோற்றைப் பிசைந்தார்.

"வாயத் தொற மச்சான். கோல் போட்ட கை வீங்கிக் கெடக்கு. என் கை சும்மாதானே இருக்கு."

நேற்று அரங்கமே அடித்தவன் பெயரைக் கத்தியது. நிறுத்தியவன் பெயர் எனக்குத் தெரியாது. அவன் முதுகிலிருந்த எண்ணைப் பார்த்து, "பதினாலு! பதினாலு!" என்று தொண்டை கட்டும்வரை கத்தினேன்.